திறந்த காரில் மச்சான்

என் மச்சான் கார் ஓட்டும்போது சாலையைப் பார்த்து நான் கண்டதில்லை. சாலையில் யார் யார் தன்னைப் பார்க்கிறார்கள் என்றுதான் பார்ப்பார். டீக்கடை வந்தால் வேகம் குறையும். பஸ் நிறுத்தம் வந்தால் இன்னும் குறையும். ஆளில்லாத இடத்தில் விரட்டுவார். சுடுகாட்டைத் தாண்டும்போதுகூட அங்கே யாராவது நிற்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். பெயர் வேண்டாம். பெயரைப் போட்டால் அதற்கும் சந்தோஷப்படுவார்.

கார் சிவப்பு நிறம். வெளிநாட்டில் செய்தது, சின்னது, இரண்டே சீட். மேல்கூரை துணி. வேண்டாதபோது மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம் என்று செய்திருந்தார்கள். ஏற்காட்டில் ஒரு பங்களாவைக் காலி செய்துகொண்டு போனவரிடம் வாங்கினார். வாங்கும்போதே அந்தக் காருக்குக் கல்யாண வயது தாண்டியிருந்தது. கூரைத் துணி வெடித்து நார்நாராகத் தொங்கியது. மச்சான் அந்தக் கிழிசலை அறுத்து எறிந்துவிட்டு, கம்பிச் சட்டத்தை மட்டும் மடக்கி வைத்துக்கொண்டு, இது திறந்து ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி என்று சொல்லத் தொடங்கினார். மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்காத ஆள் இல்லை. "மழைக்குன்னு வாங்குன வண்டி இல்லீங்க இது" என்பார். கேட்டவரின் அறியாமைக்கு இரக்கப்படுவதுபோல ஒரு சிரிப்பு வேறு.

மோகனூர் போகிற வழியில் அவர்களுக்குக் கோழிப்பண்ணை இருந்தது. அவர்களுக்கு என்று பேச்சுக்குச் சொல்கிறேன். விடியும் முன்பே எழுந்து கொட்டகைக்குப் போவது அக்கா. தீவனம் கலப்பது, முட்டை எடுப்பது, ஊசி போட ஆள் பிடிப்பது, முட்டை வியாபாரியிடம் மல்லுக்கு நிற்பது எல்லாம் அக்கா. மச்சான் மத்தியானத்துக்கு மேல் வந்து கொட்டகை வாசலில் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு நிற்பார். என்ன அவ்வளவு நாற்றமா என்று ஒருமுறை கேட்டேன். கார் சீட்டில் வாசம் ஏறிக்கொள்ளும், தோல் சீட் என்றார். அந்தப் பண்ணையில்தான் அவர் சாப்பிட்ட சோறு விளைந்தது. அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

சேலம், நாமக்கல் வெயிலைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. சித்திரை மாதம் பன்னிரண்டு மணிக்கு, லாரிக்காரர்களே புளியமர நிழல் தேடி ஒதுங்கும் நேரத்தில், இவர் தலையில் ஒன்றும் இல்லாமல் பைபாஸில் போவார். ஸ்டீரிங்கைத் தொட முடியாது. அதற்காக ஒரு ஈரத்துண்டைச் சுற்றி வைத்திருப்பார். அது காய்ந்தால் நனைக்க ஒரு கேன் தண்ணீர். முகம் கறுத்து, மூக்குத் தோல் உரிந்து, கறுப்புக் கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெளுத்துப்போய் இருக்கும். கண்ணாடியைக் கழற்றினால் குழந்தைகள் பயப்படும். லாரிகள் பக்கத்தில் வந்தால் கார் அவற்றின் டயர் உயரத்துக்குத்தான் இருக்கும். ஒரு டிரைவர் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்க, மாட்டுத் தொட்டிக்குச் சக்கரம் வெச்சிருக்கறீங்களா?" என்று கேட்டார். மச்சான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு கை ஆட்டினார். கரும்பு டிராக்டர் பின்னால் போனால் காய்ந்த சோகை இலை வந்து மடியில் விழும். கோழி எரு லாரி பின்னால் போனால் என்ன விழும் என்று எழுத விருப்பமில்லை. அதையும் தட்டிவிட்டுவிட்டு, கண்ணாடியில் தலை வாரிக்கொள்வார்.

வண்டி பாதி நாள் ஓடாது. உதிரி பாகம் இந்தியாவிலேயே கிடையாது என்று பெருமையாகச் சொல்வார். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்குக் கொண்டுபோய், எதையோ ஒட்டி, எதையோ பற்றவைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். ஹாரன் போனபோது லாரி ஹாரனையே பொருத்திவிட்டார்கள். அவ்வளவு சின்ன வண்டியிலிருந்து அந்தச் சத்தம் வந்தால் சைக்கிளில் போகிறவர்கள் பள்ளத்தில் இறங்கிவிடுவார்கள். இவர் சிரிப்பார்.

வீட்டில் மூன்று பேர், காரில் இரண்டு சீட். மகள் விடுதியில் தங்கிப் படித்தாள் என்பதால் கணக்குச் சரியாக வருகிறதே என்று நினைப்பீர்கள். வராது. பக்கத்துச் சீட் எதற்காக இருக்கிறது என்று அவர் ஒரு முடிவு வைத்திருந்தார். அதில் பார்க்கும்படியாக ஏதாவது இருக்கவேண்டும். அக்கா எப்போதும் தீவனத் தூசியோடு இருப்பாள், கூந்தலில் இறகு ஒட்டியிருக்கும்.

முனியப்பனுக்குக் கிடா வெட்டுவதாக அக்கா வேண்டிக்கொண்டிருந்தாள். அதற்கு முந்தின வருடம் கோழிகளுக்கு நோய் வந்து இரண்டு கொட்டகை காலியாகிப் போயிருந்தது. மறுபடி குஞ்சு விட்டு பண்ணை எழுந்தால் செய்கிறேன் என்று வேண்டுதல். ஒரு கொட்டகை எழுந்தது. கோயிலுக்குப் போகிற நாளில் மச்சான் கிடாயைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, தன் பக்கத்துச் சீட்டில் ஏற்றி, சீட் பெல்ட்டும் மாட்டினார். அக்கா பொங்கல் பானையோடு டவுன் பஸ்ஸில் வந்தாள். ஏன் மச்சான் இப்படி என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது. "கெடாயப் பஸ்ஸுல ஏத்தமாட்டானுக மாப்ள. உங்கொக்காளை ஏத்துவானுகல்ல."

வழியில் அவர் அந்த பஸ்ஸை லாரி ஹாரன் அடித்துக்கொண்டு முந்தியிருக்கிறார். பஸ்ஸே ஜன்னல் பக்கம் சாய்ந்து பார்த்துச் சிரித்திருக்கிறது. கிடா காற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம். அக்காவும் சிரித்தாளாம். சிரிக்காமல் இருந்தால் யார் வீட்டு ஆள் என்று தெரிந்துவிடும், அதனால் சிரித்தேன் என்றாள் என்னிடம். வேண்டுதல் அவளுடையது, கிடா அவள் வளர்த்தது, ஊர்வலம் மட்டும் அவருக்கு.

ஊரில் யாரும் அவரைக் குறை சொல்லமாட்டார்கள். காரணம் இருக்கிறது. அவர் குடிப்பதில்லை. சீட்டாட மாட்டார். அக்கா மேல் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை, குரல்கூட உயர்த்தியதில்லை. எங்கள் அம்மாவே, நல்ல மனுசன் சாமி, ஒரு விளையாட்டுச் சாமான் வைத்திருக்கிறார், போகட்டும் விடு என்பாள். நான் பல நாள் யோசித்திருக்கிறேன், அவர் குடிகாரராக இருந்திருந்தால் அக்காவுக்காகப் பேச நாலு பேராவது வந்திருப்பார்கள். இப்படிப்பட்ட ஆளை என்ன சொல்லித் திட்டுவது? எதைச் சொன்னாலும் நமக்கு வயிற்றெரிச்சல் என்று ஆகிவிடும். எனக்கும் அப்படித்தான் பேர் கிடைத்தது.

சேலம் அஸ்தம்பட்டியில் நான் வீடு கட்டினேன். புதுமனை புகும்போது அக்காவுக்குப் பட்டுப்புடவை எடுக்கவேண்டும். என்ன வேண்டும் என்று கேட்டேன். அவள் எதுவும் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. அந்த ஒரு தடவை மட்டும், மாம்பழக் கலர், அரக்கு பார்டர் என்று சொன்னாள். புடவை நெய்கிற ஊரான இளம்பிள்ளைக்குப் போகக் கிளம்பியபோது மச்சான் வந்து நின்றுவிட்டார், நானே கூட்டிப்போகிறேன் என்று. எங்கள் தெருவில் இருக்கும் கிளினிக்குக்கு வந்த நோயாளிகள் ஊசி போட்ட கையைப் பிடித்துக்கொண்டே வந்து காரோடு செல்ஃபி எடுத்தார்கள். அவர்கள் எடுத்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

புடவை அமைந்தது. பார்சலைச் சீட்டுக்குப் பின்னால் இருந்த இடுக்கில் வைத்தேன். திரும்பும்போது பைக்கில் வந்த இரண்டு பேர் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு போனில் வீடியோ எடுத்தார்கள். மச்சான் வேகத்தைக் கூட்டினார், தலைமுடி பறக்கவேண்டும் என்று. பறந்தது பார்சல். நான் நிறுத்துங்கள் என்று கத்தினேன். "இரு மாப்ள, எடுத்துட்டு இருக்கறானுக" என்றார் உதட்டை அசைக்காமல், சிரித்த முகம் கலையாமல். அவர்கள் எடுத்து முடித்து, கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போன பிறகு வண்டியைத் திருப்பினார். சாலை முழுக்கத் தேடினோம். பின்னால் வந்த எவரோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

அந்த வீடியோ எப்படியோ சுற்றி அவருடைய போனுக்கே வந்தது. அக்காவிடம் அவரே காட்டினார். அக்கா போனைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இது என்னுங்க, பின்னால பறக்குது?"

"காக்கா" என்றார் மச்சான்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தீவனம் கலக்கப் போனாள். நான் வேறு புடவை எடுத்துக் கொடுத்தேன். அந்த நிறம் கிடைக்கவில்லை.

கொஞ்ச நாளில் அவருக்கு ஒரு புது உத்தியோகம் கிடைத்தது. கல்யாணங்களில் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் காரைக் கேட்டு வந்தார்கள். கேட்டால் உடனே ஒத்துக்கொள்வார். ஒரே நிபந்தனை, ஓட்டுவது அவர்தான். இரண்டு சீட்டில் ஒன்றில் மாப்பிள்ளை, ஒன்றில் இவர், அதே கண்ணாடி, மாப்பிள்ளையைவிட நல்ல சட்டை. எங்கள் பக்கத்துக் கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளை அழைப்பு என்று எதைப் புரட்டினாலும் என் மச்சான்தான் பல்லைக் காட்டிக்கொண்டு இருப்பார். சில போட்டோக்காரர்கள் அவரை வெட்டிவிட்டு மாப்பிள்ளையை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். மாப்பிள்ளை அந்தரத்தில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்குமாம்.

அந்த ஐப்பசியில் அக்கா இரண்டாவது கொட்டகைக்கும் குஞ்சு இறக்கினாள். இருந்த நகையை எல்லாம் அடகுக் கடையில் கொடுத்துவிட்டு இறக்கியது. இந்தக் குஞ்சுகள் நின்றால் பண்ணை நிற்கும், இல்லையென்றால் நிலத்தைக் கொடுத்துவிட்டு எங்காவது மில் வேலைக்குப் போகவேண்டியதுதான் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். பொரித்து ஒரு வாரம்கூட ஆகாத குஞ்சுகளுக்குக் குளிர் ஆகாது. குளிர்ந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூலையில் குவியும். அடியில் இருப்பவை மூச்சு முட்டிச் சாகும். அதற்காக உள்ளே பல்பு எரிய விடுவார்கள், கொட்டகையின் பக்கக் கம்பிவலையில் காற்று புகாமல் படுதா கட்டுவார்கள். வாடைக்காற்று வருகிற வடக்குப் பக்கத்துப் படுதா பழையது, தொட்டால் கிழிந்தது. அக்கா நாமக்கல்லில் ஒரு புதுப் படுதா வாங்கினாள். லாரிக்குப் போடுகிற கெட்டியான ரகம். அன்று காலை பழசைப் பிரித்துப் போட்டுவிட்டு, தடுப்பு மருந்து வாங்க நாமக்கல்லுக்கு பஸ் ஏறினாள். மத்தியானம் வந்து புதுசைக் கட்டிவிடலாம் என்று திட்டம்.

அன்று சாயங்காலம் மோகனூரில் பெரிய இடத்துக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு மச்சானைச் சொல்லியிருந்தார்கள். வானம் மூட்டம் போட்டிருந்தது. மழை வந்தால் கார் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று அவருக்குக் கவலை. கொட்டகை வாசலில் புதுப் படுதா மடித்தபடி இருந்தது. எடுத்துக் காரில் போட்டுக்கொண்டு, லாரி சீட் தைக்கிற கடைக்குப் போய்விட்டார். கடைக்காரர், புதுசாட்ட இருக்குதுங்களே, வெட்டட்டுங்களா என்று கேட்டிருக்கிறார். மச்சான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கம்பிச் சட்டத்துக்கு அளவு எடுத்து, பின்பக்கம் கண்ணாடித்தாள் ஜன்னல் வைத்து, ஓரத்துக்கு அமுக்குப் பட்டன் அடித்து, அழகாகத் தைத்து வாங்கிக்கொண்டு நேராக மோகனூர் போனார்.

மருந்துக்காகக் காத்திருந்து அக்கா திரும்பச் சாயங்காலம் ஆகிவிட்டது, அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கரண்டும் போனது. பண்ணையில் வேலை செய்யும் அம்மாள் சாக்குகளைக் கோத்து வலையில் கட்டிப் பார்த்திருக்கிறார். காற்று பிடுங்கி எறிந்துவிட்டது. அக்கா வந்து படுதாவைத் தேடி, விஷயம் புரிந்து, மச்சானுக்குத் திரும்பத் திரும்ப போன் போட்டிருக்கிறாள். அவர் எடுக்கவில்லை. அப்போது ஊர்வலம் நடந்துகொண்டிருந்தது.

இது எதுவும் எனக்குத் தெரியாது. அஸ்தம்பட்டியிலும் நல்ல மழை. விளக்கு வைக்கிற நேரத்தில் மச்சானிடமிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. பின்னால் மேளச்சத்தம். "மாப்ள, இங்க ஊத்து ஊத்துன்னு ஊத்துது. வண்டிக்குப் புதுசா டாப்பு போட்டனே, உள்ள ஒரு சொட்டு எறங்குல. மாப்பிள்ளையோட சட்டைகூட நனையல. அத்தன பேரும் கேக்கறாங்க, எங்க தச்சீங்கன்னு." நானும் நல்லதுங்க மச்சான் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

காலையில் அக்கா கூப்பிட்டாள். வா என்று மட்டும் சொன்னாள். போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. கொட்டகையின் தென்மூலையில் குஞ்சுகள் குவியலாகக் கிடந்தன. அக்காவும் வேலைக்கார அம்மாளும் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து, கழுத்தைத் தொட்டுப் பார்த்து, உயிர் இருப்பதை ஒரு கூடையிலும் இல்லாததைத் தீவனச் சாக்கிலும் போட்டார்கள். கூடையில் அடிமட்டம்கூட நிறையவில்லை. சாக்குகள் சுவரோரம் வரிசையாகச் சாய்ந்திருந்தன. எனக்கு அழுகை வந்தது. அக்கா அழவில்லை.

மச்சான் வெளியே காரின் கூரையை ஒரு துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஈரத்தோடு மடக்கினால் பூஞ்சை பிடிக்குமாம். கல்யாணச் சட்டையை இன்னும் கழற்றவில்லை. என்னைப் பார்த்ததும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, கரண்ட் போனதால் வந்த வினை மாப்ள, இல்லையென்றால் இப்படி ஆகியிருக்குமா என்றார். நாக்குக் கூசாமல் சொன்னார். அந்த நிமிடம் அவரை அடித்திருக்கலாம் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது.

அக்கா எழுந்து வந்தாள். கூரையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். பட்டன்கள் படபடவென்று விடுபட்டன. மச்சான் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தார். தடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"அப்படி இழுக்காத, பிஞ்சுரும். ஒவ்வொரு பட்டனா எடு" என்று சொல்லிக் கொடுத்தார்.

அக்கா ஒவ்வொன்றாக எடுத்தாள். படுதாவைக் கொண்டுபோய் வடக்குப் பக்கத்து வலையில் கட்டினாள். நானும் பிடித்தேன். அது கார் வடிவத்தில் வெட்டியது, கொட்டகைக்கு எங்கே போதும்? முன்பக்கம் குறுகி, பின்பக்கம் வளைந்து, நடுவில் கண்ணாடித்தாள் ஜன்னலோடு தொங்கியது. மீதி இடத்தைச் சாக்கால் அடைத்தோம். கரண்ட் திரும்பியிருந்தது, மிச்சமிருந்த குஞ்சுகளை பல்பு அடியில் விட்டாள். அவை ஒட்டி நின்றுகொண்டன.

மேற்கே மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. மச்சான் வானத்தைப் பார்த்தார், பிறகு காரைப் பார்த்தார்.

"அப்ப வண்டிக்கு என்ன பண்றது?" என்று கேட்டார்.

அக்கா சுவரில் சாய்ந்திருந்த மண்வெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "மழைக்கு முன்னால குழி வெட்டோணுமுங்க" என்றாள். அவர் மண்வெட்டியைப் பார்த்தார். தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி, மண்வெட்டியைப் பதமாகக் கீழே வைத்துவிட்டு வீட்டுப் பக்கம் போனார்.

நாங்கள் சாக்குகளைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தோம். முன்னால் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. மழைக்கு முன்பு மோகனூர் கல்யாண மண்டபத்துக் கூரைக்கு அடியில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சத்தம் வந்த பக்கம் திரும்பவே இல்லை. மண்வெட்டியை எடுத்து, பிடியில் இருந்த ஈரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து, என்னிடம் நீட்டினாள்.

"நீ வெட்டு சாமி. ஆழமா வெட்டு. நாய் தோண்டிரப் போகுது."